மொய் நோட்டின் முன் நடுங்கும் கை

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். எனக்கு வயது 33. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மொய் எழுத என்னைத்தான் உட்கார வைப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "என்னடா, கை இந்த ஆட்டம் ஆடுது, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது எனக்குக் குடிப்பழக்கமே கிடையாது.

அன்று முதல் நாலு பேர் பார்க்க எழுதினாலே கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது. வீட்டில் தனியாக எழுதினால் எழுத்து முத்து முத்தாக வருகிறது. விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துவிட்டேன். போனாலும் மனைவியைத்தான் மொய் செய்யச் சொல்கிறேன். தை மாதம் தவிர்க்க முடியாத ஒரு கல்யாணத்துக்கு, நண்பன் பேச்சைக் கேட்டு ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் போனேன். கை நிதானமாக இருந்தது. அடுத்து வந்த விசேஷங்களுக்கும் அப்படியே போனேன். மெடிக்கல் கடையில் நடுக்கத்துக்கு என்று கேட்டபோது ப்ராப்ரனலால் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள், இன்னும் போடவில்லை. சிறு வயதில் எனக்கு வீசிங் இருந்தது. அம்மா கண்ணேறு என்று சொல்லி, கோடாங்கியிடம் அழைத்துப்போய்க் கயிறு கட்டிவிட்டார்.

ஆவணியில் அக்கா மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் நான்தான். "தம்பி எழுதினால்தான் கணக்குப் பிசகாது" என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு என்ன ஆயிற்று? நான் எழுத உட்காரலாமா? அலுவலகத்தில் தெரிந்தால் வேலைக்குப் பாதகம் வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மருத்துவர் எவரும் முதலில் அடிக்கோடிடும் வாக்கியம், தனியாக எழுதும்போது எழுத்து முத்து முத்தாக வருகிறது என்பதுதான். நரம்பிலோ தசையிலோ பழுது இருந்து வரும் நடுக்கம், கூட்டத்தில் கூடலாமே தவிர, தனிமையில் முற்றிலும் விலகி நிற்பது அரிது. பிறர் பார்வை படும் இடத்தில் மட்டும் கை நடுங்குவதும், வியர்ப்பதும், அந்த இடங்களையே தவிர்க்கத் தொடங்குவதும் சமூகப் பதற்றக் கோளாறு என்று நாங்கள் அழைக்கும் நிலையின் அடையாளங்கள். பிறர் முன்னால் எழுதுவது, கையொப்பம் இடுவது, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது, டீக் கிளாஸைத் தூக்குவது ஆகியவற்றில் மட்டும் இது வெளிப்படுபவர்கள் பலர் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில்தான் இதற்குத் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன்பு மட்டுமல்ல, இன்றும் நம் ஊர்களில் இதைக் கூச்ச சுபாவம் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். கடிதத்தை மட்டும் வைத்து நான் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

நேரில் மருத்துவரைப் பார்க்கும்போது சில உடற்காரணங்களை முதலில் விலக்கிவிட வேண்டும். தைராய்டு சுரப்பு மிகுந்தால் கை நடுங்கும், வியர்க்கும், இதயம் படபடக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். வீசிங்குக்காக இன்றும் சால்பியூட்டமால் மாத்திரையோ இன்ஹேலரோ எடுப்பீர்களானால் அதுவும் கையை நடுங்கச் செய்யும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ எழுதும்போதும் டம்ளரைப் பிடிக்கும்போதும் கை நடுங்கியதுண்டா என்றும் கேட்டு வாருங்கள், ஏனென்றால் குடும்பவழி வரும் நடுக்கம் ஒன்று இருக்கிறது. அந்த நடுக்கமும் மது அருந்தினால் தற்காலிகமாக அடங்கும் என்பதால், கட்டிங் போட்டபோது கை நின்றதை வைத்து இது இன்ன நோய் என்று எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மெடிக்கல் கடையில் கொடுத்த மாத்திரையை நீங்கள் போடாமல் வைத்திருப்பது நல்லதாயிற்று. ப்ராப்ரனலால், அட்ரினலின் என்ற சுரப்பு இதயத்திலும் தசைகளிலும் செய்யும் வேலையைத் தடுப்பதால் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கக்கூடியது. மேடையேறும் இசைக்கலைஞர்கள் சிலர்கூட மருத்துவர் சொல்லி எடுப்பதுண்டு. ஆனால் அதே மருந்து மூச்சுக்குழாய்களை இறுக்கவும் கூடும். வீசிங் இருந்தவருக்கு, அது சிறு வயதோடு போய்விட்டது என்று அவர் நினைத்தாலும், இந்த மருந்து உயிருக்கே ஆபத்தான மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். கேட்டவருக்கு வீசிங் உண்டா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் இதை எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை நான் கடுமையாகவே கண்டிக்கிறேன். நண்பர்கள் சிபாரிசு செய்யும் தூக்க மாத்திரை வகைகளும் வேண்டாம், அவை பழக்கமாகிவிடும்.

இனி நடுக்கத்துக்கு வருவோம். எல்லா மனிதருக்கும் கை நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை, கண்ணுக்குத் தெரியாத அளவில், உங்களுக்கும் எனக்கும் அந்தப் பெரியவருக்கும் விரல்கள் அதிர்கின்றன. பயமோ கோபமோ வரும்போது சுரக்கும் அட்ரினலின் அந்த அதிர்வைப் பெரிதாக்குகிறது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பேனாவை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மேசையில் அழுத்தி, மூச்சை அடக்கி எழுதும்போது தசைகள் மேலும் விறைத்து நடுக்கம் இன்னும் கூடுகிறது. அதாவது, நடுக்கத்தை மறைக்க நீங்கள் செய்யும் காரியங்களே அதை வளர்க்கின்றன. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் ஏறத்தாழ இதிலிருந்துதான் கிளைக்கிறது.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-ல் இந்த நோய்க்கு அளித்த விளக்கம் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளமாக இருக்கிறது. பதற்றம் உள்ளவர் கூட்டத்தில் நுழைந்ததும் அவருடைய கவனம் எதிரில் இருப்பவர்களை விட்டுத் தன் மீதே திரும்பிவிடுகிறது. உள்ளே உணரும் படபடப்பை வைத்து, வெளியே தான் எப்படித் தெரிவோம் என்று அவர் மனம் ஒரு படத்தை வரைந்துகொள்கிறது. அந்தப் படத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நம்பிவிடுகிறார். பேனா முனை அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் உங்களுக்குக் கையே குலுங்குவது போல் இருப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பொருந்தும். அணியவே சங்கடப்படும் படம் அச்சிட்ட பனியன் ஒன்றை மாணவர் ஒருவருக்கு மாட்டி, பிறர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். மூன்று ஆண்டுகள் கழித்து கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் செய்த மற்றொரு ஆய்வில், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை" என்ற உண்மையை விளக்கிச் சொல்லி மேடையேற்றிய பேச்சாளர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசியதாக அவர்களும் உணர்ந்தார்கள், கேட்டவர்களும் சொன்னார்கள்.

மொய் எழுதும் மேசைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பந்திக்கு இடம் பிடிக்கும் அவசரத்தில், கையில் ரூபாய் நோட்டுடன் முண்டியடித்து நிற்கும் ஒருவருடைய கவலை எதைப் பற்றியது? தன் இனிஷியல் சரியாக விழுந்ததா, ஊர்ப் பெயர் விடுபட்டதா, 1000 என்று கொடுத்தது 100 என்று பதிவாகிவிட்டதா, மைக்கில் வாசிக்கிறவர் தன் பெயரைச் சரியாக உச்சரிப்பாரா என்பனவே அவருடைய கவலைகள். நாளை தன் வீட்டு விசேஷத்தில் திரும்பி வர வேண்டிய தொகை அது என்பதால் அவர் பார்ப்பது நோட்டை. எழுதுகிறவர் கையை அல்ல. இன்று பல ஊர்களில் கணினியில் பதிந்து அங்கேயே ரசீது கொடுத்துவிடுகிறார்கள். அந்த வசதி வந்தால் உங்கள் தொல்லை தீர்ந்துவிடும் என்று நீங்கள் ஒரு கணம் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் தட்டச்சு செய்யும் விரல்களையும் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள்.

கட்டிங் விஷயத்தைச் சற்று நிறுத்திப் பேச வேண்டும். குடிக்காத உங்களைப் பார்த்துக் குடித்திருக்கிறாயா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்தே இன்று நீங்கள் குடித்துவிட்டுப் போகிறீர்கள். இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, இந்த நோய் உள்ளவர்கள் பலர் மதுவிடம் இப்படித்தான் போய்ச் சேர்கிறார்கள். மது இரண்டு வழிகளில் ஏமாற்றும். முதலாவது, அதன் வேகம் இறங்கும்போது நரம்பு மண்டலம் முன்னைவிட அதிகமாகக் கிளர்ந்தெழுவதால், மறுநாள் நடுக்கமும் கலக்கமும் கூடும். இரண்டாவது, விசேஷம் நல்லபடியாக முடிந்த பெருமை முழுவதும் அந்த 90 மில்லிக்குப் போய்விடுகிறது. நீங்களே சமாளித்திருக்க முடியும் என்பதை மனம் கற்றுக்கொள்வதே இல்லை. மனைவியை முன்னே விடுவதும் விசேஷத்துக்கே போகாமல் இருப்பதும்கூட இதே கணக்கில்தான் சேரும். கடன் சங்கத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அப்படியேதான் நிற்கும். விசேஷ நாட்களில் மட்டும் என்றால் இன்றோடு நிறுத்திவிடலாம். ஒருவேளை தினசரிப் பழக்கமாகியிருந்தால், திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முறைக்காரர்கள் கேலி பேசுவது நம் பக்கத்து விசேஷங்களில் உரிமை போலவே நடக்கிறது, அவர் தாம் சொன்னதை அன்று சாப்பிட்டு எழுந்தபோதே மறந்திருக்கவும் கூடும். அதற்காக அதைக் களங்கமற்ற விளையாட்டு என்று நான் ஏற்க மாட்டேன். கூட்டத்தின் நடுவில் ஒருவன் மானத்தைத் தொட்டுச் சிரிக்க வைப்பது சிறிய காரியம் அல்ல. ஆனால் அவரிடம் நியாயம் கேட்டுத் தீர்த்துக்கொள்வதால் உங்கள் கை நிற்கப் போவதில்லை. மறுபடியும் அவரோ வேறொருவரோ கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலை வாயில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ஆமா மாமா, கூட்டத்தப் பாத்தா எனக்குக் கை ஆடும். நீங்க பேரச் சொல்லுங்க." தலையைக் குனியாமல் இதைச் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினால், மேற்கொண்டு கேலி செய்ய அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைவிட முக்கியமாக, கட்டிக் காக்க வேண்டிய இரகசியம் உங்களிடம் இல்லாமல் போய்விடும்.

ஆவணி வரை உங்களுக்குப் பயிற்சிக்கு நேரம் இருக்கிறது. இடையில் ஆடி வருவதால் கல்யாண நெருக்கடியும் இராது. முதலில் வீட்டில் மனைவி எதிரில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். பிறகு மச்சானையோ பக்கத்து வீட்டாரையோ அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அதைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு முன், கை எவ்வளவு ஆடியிருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதைச் செய்தே காட்டிவிட்டு, அதன் பின் யாரோ ஓர் அந்நியரைப் பார்ப்பது போலப் படத்தைப் பாருங்கள். நினைத்ததற்கும் தெரிவதற்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் காண்பது, நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட வலிமையானது. அடுத்து வெளியே வாருங்கள். வங்கியில் பணம் கட்டும் சலானை மூலையில் நின்று நிரப்பாமல், கவுண்டருக்கு எதிரிலேயே நின்று நிரப்புங்கள். டீக்கடையில் நிறைந்த கிளாஸை ஒரே கையால் எடுத்துக் குடியுங்கள். கொஞ்சம் தளும்பினால் தளும்பட்டும். சங்கத்தில் உறுப்பினர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரசீது போடுங்கள். ஒன்றிரண்டு தடவை வேண்டுமென்றே கையைச் சற்று ஆட்டி எழுதிவிட்டு, எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று நிமிர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு படியிலும் பதற்றம் முதலில் ஏறும். அங்கேயே நின்றால், தானாக இறங்கும். அது இறங்குவதற்குள் எழுந்து ஓடிவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கெழுதிக்கொள்ளும். ஒருநாள் பின்வாங்க நேர்ந்தால் அதற்குக் கீழே உள்ள படியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.

கண்ணில் நீர் முட்டுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவமானத்தின் நினைவு உடம்பில் எழும்போது தொண்டை அடைப்பதும் கண் நிறைவதும் இயல்பு. அதை அடக்க மூச்சைப் பிடித்தால் அழுகை இன்னும் நெருங்கும். உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கும்படி நாலைந்து முறை மூச்சு விடுங்கள். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள். எதிரில் நிற்பவர் எந்த ஊர், யார் மகன் என்று கேட்டு, பதிலை முழுக்கக் காதில் வாங்குங்கள். உள்ளே திரும்பிய கவனம் அப்போது வெளியே வரும். அதற்கும் அடங்காவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டைக் கொடுத்து எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். திரும்பி வருவதாக இருந்தால் எழுந்துபோவதில் தவறே இல்லை.

இரவு வீடு திரும்பிய பின், யார் எப்படிப் பார்த்தார்கள், யார் யார் காதில் என்ன சொன்னார்கள் என்று படுக்கையில் கிடந்து விசாரணை நடத்தும் வழக்கம் உங்களுக்கும் இருக்கக்கூடும். நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகிக்கிறேன். அந்த விசாரணையில் உங்களுக்காகப் பேச வக்கீல் யாரும் இருப்பதில்லை. நடந்ததை இரண்டு வரியில் எழுதி வைத்துவிட்டு மனைவியோடு வேறு பேச்சுப் பேசுங்கள்.

இவ்வளவையும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013-ல் வெளியிட்ட நெறிமுறை, இந்நோய்க்குப் பெரியவர்களுக்கு முதலில் அளிக்க வேண்டியது மேலே சொன்ன பாணியிலான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்கிறது. மருந்து தேவைப்பட்டால் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றை மருத்துவர் தரக்கூடும். அவை அன்றைக்கே வேலை செய்யாது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் குமட்டலோ சற்றுக் கூடுதல் படபடப்போ வரலாம். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில், நம் ஊர்ப் பேச்சில் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், எந்தப் பயிற்சியையும் எதிர்பார்த்துக் காத்திராமல் உடனே அந்த எண்ணை அழையுங்கள். அலுவலகம் பற்றிய அச்சம் வேண்டாம்: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்கு அளிக்கிறது. நீங்களாகச் சொன்னாலன்றி மருத்துவர் உங்கள் சங்கத்துக்குச் சொல்ல மாட்டார்.

அம்மா கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டாம். கயிறு கையில் இருக்கட்டும், சிகிச்சை அதன் போக்கில் நடக்கட்டும்.

கடைசியாக, காதணி விழா. எழுத உட்காருங்கள் என்பதுதான் என் ஆலோசனை, ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை அல்ல. தாய்மாமனான நீங்கள் தட்டுகளோடு சீர் கொண்டுவந்து இறக்கி, மருமகளை மடியில் வைத்துக் காது குத்தி முடியும் வரை, எப்படியும் நோட்டுப் பக்கம் வர முடியாது. ஆகவே இன்னொருவர்தான் எழுதத் தொடங்கியாக வேண்டும். சடங்கு முடிந்த பின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிறிது நேரம் பணத்தை எண்ணி வாங்கிப் பெயரைச் சொல்லுங்கள். கூட்டம் பழகியதும் நோட்டை வாங்கி எழுதுங்கள். களைப்பாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கை ஆடினால் ஆடிய எழுத்தோடு அடுத்த பெயருக்குப் போங்கள், அடித்துத் திருத்தி அழகுபடுத்த வேண்டாம். இந்த ஏற்பாட்டை அக்காவிடம் இந்த வாரமே, காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நம்பிக்கையான இரண்டாவது ஆளைப் பார்த்து வைக்க அவருக்கும் நேரம் வேண்டும்.